தட்டைத் திருப்பிப் பாருங்கள்

பரம்பரைப் பீங்கானை இனங்காண்பதும் மதிப்பிடுவதும்

“பொன்னை வைத்தால் கடன் தருகிறீர்கள். இதை வைத்தால் தருவீர்களா சார்?”

பலமனேரில் நாம் பணியாற்றும் கிளைக்கு வந்த பெண்மணி ஒருவர், பழைய பருத்திச் சேலையில் சுற்றிய பொருளொன்றை மேசைமீது வைத்துக் கேட்ட கேள்வி இது. சேலையைப் பிரித்தபோது வெள்ளைப் பரப்பில் நீல ஓவியங்கள் நிறைந்த, நீள்வட்டமான பெரிய பீங்கான் தட்டு ஒன்று வெளிப்பட்டது. சீனத்துக் கோபுர வீடு, பாலத்தின்மேல் நடக்கும் மூன்று பேர், கிளைகளைத் தாழவிட்ட மரம், வானில் எதிரெதிராகப் பறக்கும் இரு பறவைகள் எனக் கண்ணைக் கவரும் வேலைப்பாடு.

அவர் நம் நெடுநாள் வாடிக்கையாளர்; ஊரில் சிறிய தையல் கடை நடத்துபவர். தாயார் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கடையை விரிவாக்கக் கடன் வேண்டும் என்றார். தட்டு எப்படி வந்தது என்று கேட்டோம். அண்ணனும் அக்காவும் வீட்டை எடுத்துக்கொள்வதாகவும், தட்டைத் தமக்குத் தருவதாகவும் பேசி முடிவாகியிருக்கிறது என்றார். தட்டின் விலை பல இலட்சம் என்று அண்ணன் இணையத்தில் பார்த்துச் சொன்னாராம். விடுதலைப் பத்திரத்தின் வரைவு அணியமாகிவிட்டது. அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையொப்பம்.

கடன் விண்ணப்பத்தைச் சற்றே ஒதுக்கி வைத்தோம். பொன்னுக்கு அன்றாட விலை உண்டு. தரத்தை உரைத்துப் பார்க்க வழியுண்டு. பீங்கானுக்கு அவை இல்லாததால் அதை ஈடாகக் கொண்டு கடன் வழங்க வங்கியால் இயலாது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஒரு வீட்டின் மூன்றில் ஒரு பங்கை இந்தத் தட்டுக்காக விட்டுக்கொடுக்கும் முன், இது என்ன என்பதை யாரேனும் பார்த்தார்களா? யாரும் பார்க்கவில்லை.

அவருடைய இசைவோடும், அவர் யார் என்பதை வெளிப்படுத்தாமலும், இந்த நிகழ்வை இங்கே எழுதுகிறோம். நம் வாசகர்களில் பலர் வீட்டுப் பரணிலும் இத்தகைய ஒரு பொருள் இருக்கக்கூடும்.

ஊரின் கதையும் தட்டின் கதையும்

தட்டைப் பற்றி அக்குடும்பத்தில் ஒரு வரலாறு வழங்கிவந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடையில் பலமனேருக்கு வந்து தங்கிய காலத்தில், முன்னோர் ஒருவர் அவர்களில் ஒருவரிடம் சமையற்காரராக இருந்தார். அந்தத் துரை ஊரைவிட்டுப் போகும்போது, சீனத்திலிருந்து கப்பலில் வந்த இந்தத் தட்டைக் கொடுத்துச் சென்றார் என்பது அது.

கதையின் முற்பாதிக்கு ஆதாரம் உண்டு. மொகிலிக் கணவாய்க்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் உள்ள பலமனேர், சித்தூர்ச் சமவெளியைவிடக் குளிர்ச்சியானது. நீலகிரிக்கு வழி திறக்கும் முன் சென்னை மாகாணத்து ஐரோப்பியர் உடல்நலம் நாடி இங்கே வந்து தங்கினர். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்றார். அதன்பின் உதகை வளர வளர, பலமனேரின் அந்தச் சிறப்பு மங்கியது. ஆகவே குடும்பக் கதை மெய்யானால் தட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமையானதாக இருக்க வேண்டும்.

இனி, தட்டையே கேட்க வேண்டியதுதான்.

மண்ணை அறிந்தவரின் கண்

பலமனேர் சுடுமண் கைவினைக்குப் பெயர்பெற்ற ஊர். அக்கலையில் தலைமுறையாக ஈடுபட்டுள்ள ஒருவரும் நம் வாடிக்கையாளர். அவரிடம் தட்டைக் காட்டியபோது ஓவியத்தை அவர் பார்க்கவே இல்லை. வாங்கியவுடன் தட்டைக் கவிழ்த்தார். பாண்டத்தின் முகம் வாங்குபவருக்காகச் செய்யப்பட்டது, அடிப்பகுதிதான் செய்தவரின் கையைக் காட்டும் என்றார்.

அவர் செய்து காட்டிய ஆய்வுகளை எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒளி. தட்டின் பின்புறம் விரல்களை வைத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், உண்மைப் பீங்கானில் விரல்களின் நிழல் தெரியும். சீனத்தின் ஜிங்தெஜென் நகரில் கயோலின் என்னும் வெண்களிமண்ணைக் கொண்டு, ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்ட பாண்டம் கண்ணாடியைப் போல இறுகிவிடும், ஒளி ஊடுருவும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஜோசையா ஸ்போட் செம்மைப்படுத்திய, எலும்புச் சாம்பல் கலந்த ‘போன் சைனா’விலும் ஒளி தெரியும். இந்தத் தட்டில் நிழல் தெரியவில்லை.

இரண்டாவது, மூளி. தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் சிறிதாகத் தெறித்திருந்தது. அங்கே ஒரு சொட்டு நீர் விட்டதும் உறிஞ்சிக்கொண்டது. இறுகிய பீங்கான் நீரை உறிஞ்சாது. அதன் உடைந்த முகம் கண்ணாடிபோல் மின்னும். இங்கோ வெளிர்நிறச் சுண்ணக்கட்டி போன்ற மண் தெரிந்தது. மேலே மெருகு பூசிய மண்பாண்டமே இது. நம் வழக்கில் பீங்கான் என்கிறோமே தவிர, நுட்பமாகச் சொன்னால் இது பீங்கான் அன்று.

மூன்றாவது, ஓவியம். விளிம்புக் கோலத்தை விரலால் தொடர்ந்து சென்றால் ஓரிடத்தில் கோடுகள் பொருந்தாமல் விலகின. கையால் தீட்டிய ஓவியத்தில் தூரிகையின் அழுத்தமும் மென்மையும் மாறிமாறித் தெரியும். இத்தகைய வெட்டு இராது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் பதித்து, அத்தாளைப் பாண்டத்தின்மேல் ஒட்டி எடுக்கும் அச்சுமுறையில்தான் தாளின் இரு முனைகள் சேருமிடத்தில் இவ்வாறு ஒட்டுத் தெரியும்.

நான்காவது, அடையாளக் குறி. அடியில், தூசிப் படலத்தைத் துடைத்தபோது வட்ட வடிவில் ஓர் ஆலையின் பெயரும், அதன்கீழ் ‘இங்கிலாந்து’ என்னும் ஆங்கிலச் சொல்லும் நீல மையில் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு சொல் சொன்ன ஆண்டு

அந்த ஒரு சொல் தட்டின் வயதைப் பெரிதும் தீர்மானித்துவிட்டது. அமெரிக்காவில் 1890-இல் நிறைவேறிய மக்கின்லி சுங்கவரிச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1891 முதல் ஐரோப்பிய, ஆசிய ஆலைகள் நாட்டுப் பெயரைப் பரவலாகப் பொறிக்கலாயின. ஆகவே ‘இங்கிலாந்து’ என்று பொறித்த பாண்டம் பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. பெயர் இல்லாததாலேயே முற்பட்டது என்று கொள்வதும் தவறு. ஏற்றுமதிக்கென்று செய்யாதவற்றில் பின்னரும் பெயர் இராது.

சீனப் படம் இருப்பதால் சீனப் பொருள் என்று குடும்பம் எண்ணியது இயல்பே. ஆயினும் ‘வில்லோ’ எனப்படும் இந்தக் கோலம் 1790-ஐ ஒட்டி இங்கிலாந்தில், சீன ஓவியங்களைப் பார்த்துப் புனைந்தது. இரு பறவைகளும் இறந்த காதலர்கள் என்னும் கதையும் அங்கே கட்டியதே. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளின் எண்ணற்ற ஆலைகள் இதே கோலத்தை அச்சிட்டு வந்துள்ளன.

இவ்வாறு காலத்தைக் காட்டும் வேறு சில குறிகளும் உண்டு. சாய்சதுர வடிவப் பதிவுக் குறி பிரித்தானியப் பாண்டங்களில் 1842 முதல் 1883 வரை வழங்கியது. 1884 முதல் அதற்கு மாற்றாக வரிசை எண் வந்தது. ஜப்பானியப் பொருளில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பொதுவாக 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது; ‘ஜப்பான்’ என்றிருந்தால் அதற்குப் பிற்பட்டது.

குறி இருந்தாலே போதும் என்று நம்பவும் கூடாது. மிங் காலப் பேரரசர் சுவாந்தேயின் (1426–1435) பெயர் தாங்கிய பாண்டங்கள் பிந்தைய நூற்றாண்டுகளிலும் சீனத்தில் செய்யப்பட்டன. அவற்றுட் பல, முன்னோர்க்குச் செய்த மரியாதையாக எழுதப்பட்டவை. ஜெர்மனியில் 1710-இல் தொடங்கிய மைசன் ஆலையின் குறுக்கு வாள் குறியைப் பின்பற்றியவர்களுக்குக் கணக்கில்லை. குறி, மண், மெருகு, ஓவியம், தேய்மானம் ஆகிய ஐந்தும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் அது சான்று.

உண்மையான சீனப் பாண்டங்கள் நம் மண்ணுக்கு வராமல் இல்லை. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. ஆனால் அவை நிலத்துக்கடியில் ஓடுகளாகக் கிடைத்தவை. வீட்டுப் பரணில் முழுதாக இருப்பவற்றில் பல, ஆங்கிலேயர் காலத்தில் ஆலைகளிலிருந்து வந்தவையே. மாற்றலாகிச் செல்லும் அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுச் செல்வது அக்கால வழக்கம். முன்னோர் துரைவீட்டுத் தட்டைப் பெற்றிருக்கலாம். குடும்பம் எண்ணியதைவிடப் பல பத்தாண்டுகள் கழித்துப் பெற்றிருக்க வேண்டும், அவ்வளவே.

ஏலச் செய்தியும் கைக்கு வரும் பணமும்

அண்ணன் இணையத்தில் பார்த்தது பொய்ச் செய்தி அன்று. 2010 நவம்பரில், இலண்டன் புறநகரான பின்னரில் உறவினர் வீட்டைக் காலிசெய்தபோது கிடைத்த சியான்லோங் பேரரசர் காலச் சீனக் குடுவை ஒன்று, 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. கட்டணம் சேர்த்து 5.16 கோடி பவுண்டு. உலகமே வியந்த இச்செய்திக்கு ஒரு பிற்பகுதி உண்டு. ஏலம் கேட்டவர் பணம் செலுத்தவில்லை. ஏறத்தாழ ஈராண்டுக்குப் பின்னரே அது வேறொருவருக்குத் தனிமுறையில் விற்பனையானது. அவ்விலை முன்னைய தொகையில் பாதிக்கும் குறைவு என்றே செய்திகள் கூறின.

வல்லுநர் கணிப்பும் பிழைபடுவதுண்டு. 2022 அக்டோபரில் பிரான்சின் பொந்தென்புளோ நகரில், 2,000 யூரோவுக்கு மேல் போகாது என்று மதிப்பிட்ட ஒரு பரம்பரைக் குடுவை 77 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அது இருபதாம் நூற்றாண்டுப் பொருள் என்றார் ஏல நிறுவனத்தின் வல்லுநர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பியவர்கள் போட்டியிட்டனர்.

வணிகவியல் படித்த நமக்கு இதில் புதுமை இல்லை. கேட்ட விலை, ஒப்புக்கொண்ட விலை, வரவில் ஏறிய தொகை ஆகிய மூன்றும் வேறுவேறு. செய்தித்தாளில் வரும் பீங்கான்கள் அரிதினும் அரிதானவை என்பதால்தான் செய்தியாகின்றன. அவற்றின் விலையை நம் வீட்டுத் தட்டுக்குப் பொருத்துவது, பரிசுச்சீட்டில் ஒருவர் வென்றதைப் பார்த்து நம் சீட்டுக்கும் அதே மதிப்பைக் கணக்கில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஒரு பொருளுக்குப் பல மதிப்புகள்

மதிப்பீடு கேட்கும்போது எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் தம் இலாபத்தைக் கழித்துக்கொண்டு தரும் விலை மிகக் குறைவாக இருக்கும். ஏலத்தில் எதிர்பார்க்கும் விலையிலிருந்து விற்பவர் தரகு செலுத்த வேண்டும். காப்பீட்டுக்கான மதிப்போ, அதே போன்ற பொருளை மீண்டும் வாங்க ஆகும் செலவு; ஆகவே பெரும்பாலும் மிக உயர்ந்தது. வாரிசுகளிடையே பங்கிடும்போது, விருப்பமுள்ள வாங்குவோரும் விற்போரும் ஒத்துக்கொள்ளக்கூடிய நியாயமான சந்தை மதிப்பே பொருத்தம். காப்பீட்டு மதிப்பைக் காட்டிப் பங்கு பிரித்தால், பொருளைப் பெறுபவர் இழப்படைவார்.

அருங்காட்சியக வல்லுநர்கள் பொருளை இனங்காண உதவக்கூடும். பொதுவாக விலை சொல்வதில்லை. விலைக்குக் கலைப்பொருள் மதிப்பீட்டாளரையோ ஏல நிறுவனத்தையோ அணுகலாம். முன்புறம், பின்புறம், குறி, மூளி, விரிசல் ஆகியவற்றின் தெளிவான படங்களையும், அளவையும், கைக்கு வந்த வரலாற்றையும் அனுப்பினால் தொடக்கக் கருத்துப் பெறலாம். விலை சொல்பவரே வாங்க முன்வந்தால் இரண்டாவது கருத்துப் பெறுவது நன்று. விலை தெரியும் முன் உடைந்ததை ஒட்டுவதோ, குறியைத் தேய்த்துக் கழுவுவதோ கூடாது. மூளியும் மயிரிழை விரிசலும் விலையைப் பெரிதும் குறைக்கும். மறைக்க முயன்ற பழுது மேலும் குறைக்கும்.

சட்டமும் வரியும் காப்பும்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கலை, கைவினை, வரலாற்றுச் சிறப்புப் பொருள்கள் தொல்பொருள்களாகலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது; அவற்றை வணிகம் செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அறிவிக்கை செய்யப்பட்ட சில வகைகளுக்குப் பதிவும் தேவை. வெளிநாட்டில் வாழும் மக்களுக்குப் பழம்பொருளைக் கொடுத்தனுப்பும் முன், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறுவது பாதுகாப்பு.

பரம்பரையாகப் பெறுவதற்கு வருமான வரி இல்லை. விற்கும்போது, அது கலைப்பொருளாகக் கருதப்பட்டால் மூலதன ஆதாய வரி எழலாம். முன்னோர் வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும் என்பதால் பெரும்பாலும் அது நீண்டகால ஆதாயமாகவே அமையும். தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டகத்தினுள் இருப்பது என்ன என்பது வங்கிக்குத் தெரியாது. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே. விலையுயர்ந்த பழம்பொருளுக்குத் தனிக் காப்பீடு தேவை. ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ வீட்டுக் காப்பீட்டில், கலைப்பொருள்களுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் கூடுதல் காப்புப் பெறும் வசதி உண்டு.

விருப்பாவணத்தின் அருமை

நம் நாட்டில் பீங்கான் திரட்டுக்குப் புகழ்பெற்றது ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம். அதைத் திரட்டிய மூன்றாம் சாலார் ஜங், மணம் புரியாதவர். 1949-இல் நேரடி வாரிசின்றி மறைந்தார். 1951-இல் அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எனினும், உயர் நீதிமன்ற ஆணையின் அடிப்படையில் குடும்பத்தாரின் சமரச உடன்படிக்கை வழியாகத் திரட்டு முழுவதும் அரசுக்கு உரிமையானது 1958-க்குப் பின்னரே. அத்தனை பெரிய செல்வத்துக்கே உரிமையைத் தெளிவுபடுத்த ஆண்டுகள் பிடித்தன. ஒற்றைத் தட்டானாலும், யாருக்கு, ஏன் என்று இரண்டு வரி எழுதிவைத்துச் சென்றால் பிள்ளைகளிடையே மனக்கசப்புக்கு இடமிராது.

மூவரும் வந்த நாள்

தையற்கடைப் பெண்மணியிடம், பத்திரத்தில் கையொப்பமிடுவதைத் தள்ளிவைத்து மதிப்பீடு பெறுமாறு சொன்னோம். அவர் தயங்கினார். “அண்ணனை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வார் சார்” என்றார். சந்தேகம் அண்ணன்மீது அன்று, தட்டின்மீதுதான் என்று சொல்லும்படி கூறினோம்.

மூன்று வாரங்களுக்குப் பின், அண்ணன், அக்கா, தங்கை மூவரும் கிளைக்கு ஒன்றாக வந்தனர். படங்களை ஓர் ஏல நிறுவனத்துக்கும் ஒரு பழம்பொருள் வணிகருக்கும் அனுப்பியிருந்தனர். பரவலாகக் கிடைக்கும் ஆலைத் தட்டு, ஏலத்துக்கு உரியதன்று என்பது முன்னவர் விடை. பின்னவர் சொன்ன விலை சில ஆயிரம் ரூபாய்.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. தங்கையை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நாம் கருதவில்லை; தாயார் சொல்லிச் சொல்லி வளர்த்த கதையை அவரும் நம்பியிருந்தார். “கையெழுத்துப் போட்ட பிறகு இது தெரிந்திருந்தால், அவள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?” என்று கேட்டார். தாயின் பெயரிலிருந்த அந்த வீட்டில் மகனுக்கும் மகள்களுக்கும் சட்டப்படி சமபங்கு. வரைவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு மூவர் பெயரிலும் இருக்கட்டும் என்றார். அக்காவும் இசைந்தார்.

தையற்கடையின் வரவு செலவைப் பார்த்து, முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் ஈடின்றியே கடன் வழங்கினோம். அதற்குத் தட்டு தேவைப்படவில்லை.

தட்டு யாருக்கு என்பது மட்டும் எஞ்சியிருந்தது. விலை தெரிந்தபின் அதைக் கணக்கில் சேர்க்க எவரும் நினைக்கவில்லை. தாயார் பண்டிகை நாள்களில் அதில்தான் வெற்றிலை பாக்கு அடுக்கி வைப்பாராம். தங்கை கேட்டார், மற்ற இருவரும் கொடுத்தனர்.

சேலையில் சுற்றும் முன் அண்ணன் அதை ஒருமுறை கவிழ்த்து, அடியிலிருந்த நீலக் குறியைப் பார்த்துக்கொண்டார்.